விமானத்துக்கே அதைத்தான் அடிக்கிறாங்களாமே!

திருவண்ணாமலையில் செங்கம் ரோடு, போளூர் ரோடு, வேட்டவலம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் நாலு கிரில் பட்டறை கண்ணில் படும். கார்த்திகை தீபம் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். கேட், தடுப்புக் கம்பி, ஷெட்டு, டிராக்டர் டிரெய்லர் என்று எல்லாவற்றுக்கும் பெயின்ட். பெயின்ட்டுக்கு முன்னால் ப்ரைமர். ப்ரைமர் அடிப்பவர் மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை, அதுவும் மனசு வைத்தால். வேலை முடிந்ததும் கையைத் தின்னரில் கழுவி, துணியில் துடைத்து, அதே கையால் ஒரு பீடி.

இந்தப் பட்டறைகளில் மஞ்சள் ப்ரைமருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஜிங்க் குரோமேட். அலுமினியம் ஜன்னல் சட்டமோ, காலேஜ் பையன்கள் ப்ராஜெக்ட்டுக்காகச் செய்யும் குட்டி விமானத்தின் இறக்கையோ, எதுவாக இருந்தாலும் ஒரே சிபாரிசு: "விமானத்துக்கே அதைத்தான் அடிக்கிறாங்களாமே!" வாதம் அதோடு முடிந்துவிடும். இன்றைக்குக் கிழிக்க வேண்டியது இந்த ஒற்றை வரியைத்தான்.

விமானம் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

முதலில் விமானக் கதையையே பார்த்துவிடலாம். வீட்டிலேயே விமானம் செய்வது சினிமாக் கதை இல்லை. மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார் அமோல் யாதவ். 2017-ல் அதற்குப் பதிவு எண் கிடைத்தது. இடுக்கி மாவட்டத்தின் சஜி தாமஸுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. அவர் செய்த குட்டி விமானம் 2014-ல் நம்ம மணிமுத்தாறில் பறந்தது. ஆலப்புழாக்காரர் அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே நாலு பேர் போகும் விமானத்தைக் கட்டி முடித்து, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றினார். அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனம் விற்ற உதிரிப்பாகப் பெட்டிகளிலிருந்து மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன.

இந்த மாதிரி ஆட்களிடம் போய் "எந்த ப்ரைமர் நல்லது?" என்று கேட்டால் போதும், அடிதடி ஆரம்பம். அதற்கு 'ப்ரைமர் போர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு கோஷ்டி, உள்ளும் புறமும் எபாக்ஸி அடித்தே தீர வேண்டும் என்கிறது. இன்னொரு கோஷ்டி, தகடும் தகடும் ஒட்டும் இடத்தில் மட்டும் போதும் என்கிறது. மூன்றாவது கோஷ்டி, ஒன்றுமே வேண்டாம், வீண் எடை என்கிறது.

மூன்றாவது கோஷ்டி பைத்தியமில்லை. விமானத் தகடு பெரும்பாலும் 'ஆல்கிளாட்'. நடுவில் செம்பு கலந்த வலுவான அலுமினியக் கலவை. மெல்லிய தகட்டில் இரண்டு பக்கமும் தடிமனில் ஏறக்குறைய 5 சதவீதத்துக்குச் சுத்த அலுமினியப் படலம். கீறல் விழுந்தால் சுத்த அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுத்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். அந்தப் படலமே பாதி ப்ரைமர் மாதிரி.

முதல் கோஷ்டியும் பைத்தியமில்லை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் முன்பக்கக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். உப்புக் காற்றில் தீவுக்குத் தீவு பறந்த 19 வருட விமானம் அது. தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போய், அரிப்பும் உலோகச் சோர்வும் சேர்ந்து செய்த வேலை. அரிப்பு வெளியே தெரியாது, இரண்டு தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்து தின்னும்.

ஆக, உயிரையே பணயம் வைக்கிறவர்கள்கூட "எல்லாவற்றுக்கும் இதுதான்" என்று ஒரே டப்பாவைக் காட்டுவதில்லை. எந்த உலோகம், எந்த ஊர்க் காற்று, எந்த மூலை என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறார்கள். நம்ம பட்டறையில் கேட்கப்படும் ஒரே கேள்வி, "இருக்கா, தீர்ந்துடுச்சா?"

நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றே

ஜிங்க் குரோமேட் வேலை செய்யாது என்று யாரும் சொல்லவில்லை. பிரமாதமாக வேலை செய்யும். இரண்டாம் உலகப் போர் விமானங்களின் வயிற்றுக்குள் அடித்தது அதைத்தான். பெயின்ட்டில் கீறல் விழுந்து ஈரம் பட்டால், ஆறு இணைதிற குரோமியம் கொஞ்சமாகக் கரைந்து கீறலுக்கு ஓடும். அங்கே போய் மூன்று இணைதிறமாக மாறி, மெல்லிய படலமாகப் படிந்து காயத்தை மூடிவிடும். தானே ஊர்ந்து போய் வைத்தியம் பார்க்கிற சரக்கு.

அதே சரக்கு தூளாக, தூவானமாக நுரையீரலுக்குள் போனால்? அங்கேயும் ஈரம்தான், அங்கேயும் கரையும். சல்ஃபேட் மாதிரியே உருவம் இருப்பதால் செல்லுக்குள் நுழைய வாசலில் தடையில்லை. உள்ளே போய் மூன்று இணைதிறமாக மாறுகிற அதே வேலையில் மரபணுவைச் சேதப்படுத்துகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990-லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. குரோமேட்டில் வருடக்கணக்கில் புழங்கியவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுவது பழைய மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிற சங்கதி. தோலில் பட்டால் வரும் அலர்ஜி, பலருக்கு ஆயுசுக்கும் போகாது.

அமெரிக்காவில் 2006-ல் விதி போட்டார்கள்: வேலை இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம், அதற்கு மேல் கூடாது. ஒரு கிராமை இரண்டு லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு. ஐரோப்பாவில் 2019 ஜனவரியிலிருந்து ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் போன்றவற்றைத் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. பெரிய விமானக் கம்பெனிகளே மாற்று தேடி ஓடுகின்றன. விமானக்காரன் விட்டுவிட்டு ஓடுகிற ஒன்றை, விமானக்காரன் பேரைச் சொல்லியே இங்கே விற்கிறார்கள். வேடிக்கை இல்லையா?

தூரத்து ஊர்க் கதை என்பவர்களுக்கு

ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் வேண்டாம். ஆரணி, ஆற்காடு தாண்டினால் ராணிப்பேட்டை. 1989 வரை திருவண்ணாமலையும் ராணிப்பேட்டையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அங்கே சிப்காட்டில் 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' என்று ஒரு தொழிற்சாலை, 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. தோல் தொழிலுக்கான குரோமிய உப்புகளும் சோடியம் பைகுரோமேட்டும் செய்த இடம். ஆலை போய்விட்டது, கழிவு போகவில்லை. லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மலை மாதிரி அங்கேயே கிடந்தது. மழை பெய்யப் பெய்ய அது நிலத்தடி நீரில் இறங்கியது. மஞ்சளாய்த் தண்ணீர் வந்தது. 2006-லும் 2007-லும் உலகின் மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை பெயர் ஏறியது.

குரோமேட் ப்ரைமரின் மஞ்சள் தூளுக்கும் மூலப்பொருள் இதே பைகுரோமேட் வகைதான். டப்பாவுக்குள் இருப்பது தனி ஒரு பொருள் இல்லை, ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி.

"எங்க பட்டறையில ரெட் ஆக்ஸைடுதான்"

அப்படிச் சொல்லித் தப்பிக்க நினைப்பவர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்க்கட்டும். இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்ஸைடுக்கான பழைய இந்தியத் தரம் ஐ.எஸ். 2074. அந்தத் தரத்தின் தலைப்பே 'ரெட் ஆக்ஸைட் – ஜிங்க் குரோம்'. சிவப்புக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது! எல்லா ரெட் ஆக்ஸைடிலும் குரோமேட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்று ஜிங்க் பாஸ்பேட் போட்ட ரெட் ஆக்ஸைடும் கிடைக்கிறது. ஆனால் நிறத்தைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. 'ரெட் லெட்' என்பது வேறு, அது ஈயம். ரெட் ஆக்ஸைடும் ரெட் லெட்டும் ஒன்று என்று நினைத்துக் கலந்தடிக்கிற ஆட்களும் உண்டு. ஈயத்தை அலுமினியத்தில் அடித்தால் பாதுகாப்பு அல்ல, அரிப்புக்கே அழைப்பு.

சட்டம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. 2016-ல் போட்ட ஈய விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அது வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கு மட்டும். தொழிற்சாலைப் பெயின்ட்டுக்குப் பொருந்தாது. பட்டறை ப்ரைமர் இந்த ஓட்டை வழியாக ஜாலியாக வெளியே வந்துவிடுகிறது.

அப்போ எதைத்தான் அடிப்பது?

திட்டிவிட்டுப் போவது சுலபம். மாற்று சொல்ல வேண்டும் இல்லையா? சொல்லலாம்.

இரும்பு கேட், கிரில், ஷெட்டு: ஜிங்க் பாஸ்பேட் ப்ரைமர் தாராளம். திருவண்ணாமலை கடற்கரை ஊர் இல்லை. கடல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உப்புக் காற்றுக்கு மண்டபம் மாதிரி ஒரு கொடுமையான இடம் தேடினாலும் கிடைக்காது என்பதால்தான், காரைக்குடி சிக்ரி ஆய்வகம் அரிப்புச் சோதனையை அங்கே வைத்துச் செய்தது. அந்தக் கடலுக்கு நடுவே 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு வெளிப்பூச்சு பாலிசிலாக்சேன். நடுக்கடல் இரும்புக்கே நவீனப் பூச்சு இருக்கும்போது, கிரிவலப் பாதைக் கம்பிக்கு எதற்கு விஷ மஞ்சள்?

அலுமினியம்: இரண்டு டப்பா எபாக்ஸி, குரோமேட் இல்லாதது. ஆல்கிளாட் தகடாக இருந்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம், ரிவெட் வரிசை, தண்ணீர் தேங்கும் மூலை, இரும்பு போல்ட் தொடும் இடம் — இவை முதலில். குட்டி விமானம் செய்யும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடக் கூடாது, கிராஃபைட் அரிப்பைத் தூண்டும். இரும்பு நார் போட்டும் தேய்க்கக் கூடாது, துகள் பதிந்துகொள்ளும்.

எந்த ப்ரைமர் என்பதைவிட எதன் மேல் என்பது பெரிய விஷயம். எண்ணெய்ப் பிசுக்கு மேல் அடித்த உயர்ந்த ப்ரைமர், சுத்தமான தகட்டில் அடித்த சாதாரண ப்ரைமரிடம் தோற்கும். சொரசொரப்பாக்கி, கழுவி, தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக ஓடினால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. காய்ந்ததும் அன்றைக்கே அடித்துவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது. எபாக்ஸியைக் கண்ணளவில் கலக்காமல் அளவு பார்த்துக் கலக்க வேண்டும். வெயில் 10 டிகிரி கூடினால் கலந்த சரக்கின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். சித்திரை மத்தியானத்தில் ஸ்ப்ரே செய்தால் தகட்டில் விழுமுன்பே காய்ந்து தூளாகப் படியும். பனி இறங்கிய விடியற்காலையும் ஆகாது. காலை 8 மணிக்கு மேல், வெயில் ஏறுமுன் நல்ல நேரம்.

அடிப்பவரின் மூக்கு

எபாக்ஸியும் பாயசம் இல்லை. அதன் கடினமாக்கி தோலுக்கு ஆகாது. மேலே அடிக்கும் இரண்டு டப்பா பாலியூரித்தேனில் ஐசோசயனேட் இருக்கிறது, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்கெல்லாம் வெறும் சாங்கியம். என்-95கூட தூசியைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. வேண்டியது கரைப்பான் ஆவிக்கான கேட்ரிட்ஜும் அதன் முன்னால் தூசி வடிகட்டியும் உள்ள அரை முகமூடி. ஐசோசயனேட் ஸ்ப்ரே என்றால் அதுவும் போதாது, வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடி வேண்டும். அது இல்லாத இடத்தில் அந்த பெயின்ட்டை ஸ்ப்ரே செய்யவே கூடாது. சின்ன வேலைக்கு பிரஷ் போதும், தூவானமே எழாது. நைட்ரைல் கையுறை, கையைக் கழுவ சோப்பும் தண்ணீரும், வேலைத் துணி பட்டறையோடு. பழைய மஞ்சளைச் சுரண்ட வேண்டுமானால் ஈரம் போட்டுத் தேய்க்க வேண்டும், கிரைண்டர் வைத்துப் பறக்கவிடக் கூடாது. பக்கத்தில் வெல்டிங்கும் பீடியும் கிடையவே கிடையாது.

"இதெல்லாம் செலவு சார்" என்பார்கள். செலவுதான். ஆனால் இன்று அந்தச் செலவு மிச்சமாகவில்லை, பெயின்டர் கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவே. அமெரிக்காவில் விமானம் கட்டுகிறவன் தன் மூக்குக்குத் தானே முகமூடி வாங்குகிறான், ஏனென்றால் அது அவன் மூக்கு. இங்கே டப்பாவைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் ஒருவர், சுவாசிப்பவர் இன்னொருவர். அந்த மூன்றாமவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

ஆகவே மாற வேண்டியது டப்பாவைத் தேர்ந்தெடுப்பவர். மாநகராட்சியும் கோயில் நிர்வாகமும் காலேஜ்களும் பெயின்ட் வேலைக்கு டெண்டர் போடும்போது 'குரோமேட், ஈயம் இல்லாத ப்ரைமர். அடிப்பவருக்கு முகமூடி ஒப்பந்தக்காரர் செலவு' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், ஊரில் பாதி மஞ்சள் டப்பா காணாமல் போகும். வீட்டுக்கு கேட் செய்யக் கொடுப்பவர், "என்ன ப்ரைமர்ண்ணே, டப்பாவைக் காட்டுங்க" என்று கேட்டால் மீதிப் பாதி. ப்ராஜெக்ட் விமானத்துக்கு மஞ்சள்தான் கெத்து என்று நினைக்கும் பையன்களுக்கும் ஒரு சேதி: அதை ஸ்ப்ரே செய்யப்போவது அவர்கள் இல்லை, நாள் கூலிக்கு வந்த யாரோ ஒரு அண்ணன். அவர் கையில் டப்பாவைக் கொடுக்கும் முன் லேபிளைப் படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.