கைகளைக் கட்டியது யார்? பெங்களூரு பேச்சும் விடை கிடைக்காத கேள்வியும்

புது தில்லி: "ஆபரேஷன் சிந்தூர்' நடவடிக்கையில் விமானப் படையின் கைகள் கட்டப்பட்டிருந்தனவா? 2025-ம் ஆண்டு மழைக்காலக் கூட்டத் தொடரில் நாடாளுமன்றத்தை உலுக்கிய இக் கேள்விக்கு, ஆகஸ்ட் 9-ம் தேதி பெங்களூருவில் பதில் கூறினார் விமானப் படைத் தலைமைத் தளபதி ஏ.பி. சிங்.

எச்.ஏ.எல். நிறுவனத்துக்கும் பின்னர் விமானப் படைக்கும் தலைமை வகித்த எல்.எம். கத்ரேயின் நினைவுச் சொற்பொழிவு அது. பாகிஸ்தானின் 5 போர் விமானங்களும் ஒரு பெரிய விமானமும் வீழ்த்தப்பட்டதாக அவர் கூறியதே தலைப்புச் செய்தியானது. பாகிஸ்தான் அதை மறுத்தது. ஆனால் அரசியல் ரீதியாகக் கனமான பகுதி வேறு. படைகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் விதிக்கப்படவில்லை. அப்படி ஏதேனும் இருந்திருந்தால் அது தாங்களே வகுத்துக் கொண்டதுதான் என்றார் அவர்.

இந்தோனேசியாவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர், அதே ஆண்டு ஜூன் மாதம் ஜகார்த்தாவில் நடந்த கருத்தரங்கில் பேசியது இதற்கு நேர்மாறானது. ராணுவ நிலைகளையும் வான் பாதுகாப்பு அமைப்புகளையும் தாக்கக் கூடாது என அரசியல் தலைமை விதித்த வரம்பே விமான இழப்புக்குக் காரணம் என்பது அவர் கருத்து. அந்தப் பேச்சு திரித்து வெளியிடப்பட்டதாகத் தூதரகம் விளக்கம் அளித்தது. மக்களவையில் ராகுல் காந்தி இதையே ஆயுதமாக்கினார்.

முதல் இரவின் கணக்கு

எதிரியின் ரேடார்களையும் ஏவுகணைத் தளங்களையும் முதலில் செயலிழக்கச் செய்துவிட்டுப் பிறகே உள்ளே உள்ள இலக்குகளைக் குண்டுவீசித் தாக்குவது வான் போரின் பாலபாடம். மே 7-ம் தேதி அதிகாலை இந்த வரிசை பின்பற்றப்படவில்லை. முரிட்கே, பஹாவல்பூர் உள்ளிட்ட 9 இடங்களில் பயங்கரவாத முகாம்கள் மட்டுமே குறிவைக்கப்பட்டன. ராணுவ நிலைகளைத் தொடவில்லை என்பதையே மத்திய அரசு உலகுக்கு எடுத்துச் சொன்னது. போர் விரிவடையாமல் தடுப்பதே நோக்கம்.

பாகிஸ்தான் பதில் தாக்குதல் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. மே 8-ம் தேதி லாகூரில் வான் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தகர்க்கப்பட்டது. மே 10-ம் தேதி நூர்கான் உள்ளிட்ட விமானத் தளங்கள் தாக்கப்பட்டன. அன்று மாலையே சண்டை நின்றது. இடையில் நேர்ந்த உத்தித் தவறு திருத்தப்பட்டதாக முப்படைத் தலைமைத் தளபதி அனில் செளஹான் மே 31-ம் தேதி சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். இழந்த விமானங்களின் எண்ணிக்கையை அவர் வெளியிடவில்லை.

கார்கில் பாடம்

இச் சிக்கல் புதிதல்ல. 1962-ல் சீனாவுடனான போரில் விமானப் படையின் தாக்குதல் பிரிவு பயன்படுத்தப்படவே இல்லை. 1999-ல் கார்கிலில், கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையுடன்தான் வாஜ்பாய் அரசு அனுமதி அளித்தது. மே 26-ல் தாக்குதல் தொடங்கிய மூன்றே நாள்களில் மிக்-21, மிக்-27 விமானங்களும், நால்வருடன் ஒரு எம்.ஐ.-17 ஹெலிகாப்டரும் பறிபோயின. விமானப் படை நிபந்தனையை மீறவில்லை, உத்தியை மாற்றியது. ஏவுகணை எட்டாத உயரத்திலிருந்து தாக்கியது. ஜூன் 24-ல் டைகர் மலை மீது மிராஜ் விமானங்கள் லேசர் வழிகாட்டும் குண்டுகளை வீசின. கட்டுப்பாட்டுக் கோட்டை மதித்ததால் உலக நாடுகளின் ஆதரவும் கிடைத்தது.

அதாவது, அரசியல் வரம்பு வேறு. அதற்குள் போரிடும் உத்தி வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்வதால்தான் விவாதம் திசைமாறுகிறது. வரம்பு விதிப்பது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் உரிமை. ஆனால் அதன் விலை என்ன என்பதைத் தளபதிகள் முன்கூட்டியே எடுத்துச் சொன்னார்களா, அரசு அதை அறிந்தே ஏற்றதா என்பதுதான் கேள்வி.

இது வெறும் வரலாற்று விசாரணை அல்ல. மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பரில் விடைபெற்றபோது, 42 படைப் பிரிவுகள் தேவை என்ற நிலையில் எஞ்சியவை 29. பெங்களூருவின் எச்.ஏ.எல். நிறுவனத்திடம் 180 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர் தரப்பட்டது. 2024 மார்ச்சில் தொடங்க வேண்டிய விநியோகமோ தள்ளிப்போனது. ஒவ்வொரு விமானமும் விலைமதிப்பற்றதாகிவிட்ட நிலையில், முதல் இரவின் தவறை மீண்டும் செய்ய இயலாது.

கார்கில் போர் முடிந்த மூன்றாவது நாளே திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. 2000 பிப்ரவரியில் அதன் அறிக்கை, ரகசியப் பகுதிகள் நீக்கப்பட்டு, நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதனால் படைகளின் மன உறுதி குலையவில்லை. அதே போன்ற ஆய்வு தேவை என காங்கிரஸ் தலைவர் கார்கே 2025 மே 31-ம் தேதியே கோரினார்.

எதிர்க்கட்சி இதை ஏளனத்துக்கும், ஆளும்கட்சி பெருமிதத்துக்கும் பயன்படுத்தும் வரை உண்மை வெளிவராது. ஒரு தளபதியின் மேடைப் பேச்சு, எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், ஆய்வுக் குழு அறிக்கைக்கு ஈடாகாது. அடுத்த முறை குண்டுவீசச் செல்லும் விமானிக்கு நாடு பட்டிருக்கும் கடன் அது.