மூன்று ஸ்டேடியம், மூன்று மியூசியம், ஒரு பழைய பதிவேடு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க எப்போ பேஸ்பால் பார்க்க ஆரம்பிச்சீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நானாக ஆரம்பிக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த இருவர், இந்த வருடம் என்னைப் போலவே பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருக்கிறார்கள். ஒருத்தி கரூர்க்காரி, இன்னொருத்தி தேனிக்காரி. கரூர்க்காரியின் மகன் நான்கு நாள் லீவு போட்டு எங்களை வேனில் அழைத்துப்போனான். அவனுக்கு பேஸ்பால் பைத்தியம், எங்களுக்கு மியூசியம் ஆசை. ஊருக்கு ஒரு மியூசியம், ஒரு ஸ்டேடியம் என்று ஒப்பந்தம். தேனிக்காரியின் கணவரும் வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் கணக்குக் கேட்பவர். சிகாகோவில் கிளம்பி ஸ்பிரிங்ஃபீல்ட், செயின்ட் லூயிஸ் வழியாகக் கான்சாஸ் சிட்டி. ஒரு வழிக்கே ஏறக்குறைய 550 மைல். இரண்டு பக்கமும் சோளக்காடு, சோளக்காடு, மறுபடியும் சோளக்காடு. தயிர்சாதமும் மாவடுவும் முதல் நாளே தீர்ந்துவிட்டன.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914இல் கட்டியது. மைதானத்தின் சுற்றுச்சுவர் முழுக்கப் பச்சைக் கொடி படர்ந்திருக்கிறது. விளக்கு போட்டதே 1988இல்தானாம். அதுவரை அங்கே பகல் ஆட்டம் மட்டும். எனக்குப் பிடித்தது ஸ்கோர் பலகை. 1937இல் வைத்தது, இன்றும் உள்ளே ஆட்கள் இருந்து எண் தகடுகளைக் கையால்தான் மாற்றுகிறார்கள். நம் பள்ளி வாசலில் "பதிவு, வருகை" என்று சாக்பீஸால் தினமும் எழுதும் கரும்பலகை ஞாபகம் வந்துவிட்டது. ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லாரும் எழுந்து நின்று பாட, தேசிய கீதம் என்று நினைத்துக் கரூர்க்காரி அட்டென்ஷனில் நின்றாள். அது வெறும் விளையாட்டுப் பாட்டு என்று மகன் சொன்னதும், "ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் மியூசியம். நன்றாக இருந்தது. நான் வகுப்பில் நடத்திய பாடம்தான் என்பதால் அதைத் திரும்ப எழுதவில்லை. செயின்ட் லூயிஸில் வளைவுக்கு அடியில் இருக்கும் மியூசியமும், ஸ்டேடியத்தில் உட்கார்ந்தபடியே தெரிகிற அந்த வளைவும் அழகு. அந்த ஊரின் பழைய மைதானத்தில் 1944 வரை கறுப்பினத்தவரைத் தனி இடத்தில்தான் உட்கார வைத்திருந்தார்களாம். தம்பி வண்டி ஓட்டிக்கொண்டே இதைச் சொன்னான். அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை கான்சாஸ் சிட்டி, நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் மியூசியம். அந்தச் சொல்லை இன்று யாரும் மரியாதையாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அந்த லீகுகளின் பெயரே அதுதான், மியூசியமும் அதை மறைக்கவில்லை. 1990இல் ஒற்றை அறையில் தொடங்கியது. உள்ளே போனதும் ஒரு சிறிய பேஸ்பால் மைதானம். பந்து எறிபவர், பிடிப்பவர் எல்லாரும் ஆளுயர வெண்கலச் சிலைகளாக நிற்கிறார்கள். ஆனால் நமக்கும் மைதானத்துக்கும் நடுவில் கம்பிவலை. வலைக்கு இந்தப் பக்கமாகவே நடந்து வரலாறு முழுவதையும் பார்த்து முடித்த பிறகுதான் மைதானத்துக்குள் கால் வைக்க முடியும். எனக்கு முட்டி வலி, முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது.

பெரிய லீகில் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதவில்லை. அணி முதலாளிகள் வாய்பேச்சாக வைத்திருந்த ஏற்பாடு. அறுபது வருடத்துக்கு மேல் அது தாக்குப்பிடித்தது. அதனால் 1920இல் இதே ஊரில் கூடி அவர்கள் தங்களுக்கென்று லீக் தொடங்கினார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் இறங்கினார். அவருடைய 42ஆம் எண்ணை 1997 முதல் எந்த அணியிலும் புதிதாக யாருக்கும் தருவதில்லை. இதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் கேள்விப்படாதவர் ஜாஷ் கிப்சன். அங்கே பந்து பிடிப்பவர் இடத்தில் சிலையாக இருப்பவர் அவர்தான். ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். பெரிய லீகில் ஒரு பந்துகூட ஆடவில்லை.

2024 மே மாதம், நீக்ரோ லீக் ஆட்டக்காரர்கள் 2,300 பேருக்கும் மேற்பட்டவர்களின் கணக்குகளைப் பெரிய லீகின் அதிகாரபூர்வப் பதிவில் சேர்த்தார்கள். சேர்த்ததும் பேட்டிங் சராசரியில் முதலிடத்துக்கு வந்தவர் கிப்சன். அவருக்கு 0.372, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் என்பவருக்கு 0.367. (ஏழாம் வகுப்புத் தசம பின்னம்தான், பயப்படாதீர்கள். ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 372 முறை அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தார் என்று அர்த்தம்.)

மதியம் சாப்பிடும்போது சண்டை இங்கேதான் ஆரம்பித்தது. வங்கி அண்ணன் விடவில்லை. "அவங்க வருஷத்துக்கு அறுபது எழுபது ஆட்டம். இவங்க நூத்தைம்பத்துநாலு. ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல எப்படிம்மா போடுவாங்க? பழைய லெட்ஜரை இப்படித் திருத்தினா ஆடிட்டர் சும்மா விடுவானா?"

நியாயமான கேள்வி. பழைய ஆட்டங்களின் கணக்கு முழுதாகக் கிடைக்கவுமில்லை. கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகளில் வந்த ஸ்கோர்களை ஆய்வாளர்கள் வருடக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள், இன்னும் தேடுகிறார்கள். ஆனாலும் நான் அண்ணன் கட்சி இல்லை. ஆட்டம் குறைவு என்றால் அதைக் குறைத்தது யார்? அது போகட்டும், டை காப் எடுத்த 0.367 மட்டும் சுத்தக் கணக்கா? அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பந்தெறிபவர்கள் சிலரை லீகுக்கு வெளியே நிறுத்திவிட்டு எடுத்த எண் அது. சாட்சல் பெய்ஜ் என்ற பந்தெறிபவரை 1948இல், அவருடைய 42ஆம் வயதில்தான் உள்ளே விட்டார்கள். அந்த வருடமே அவருடைய அணி உலகத் தொடரை வென்றது. நான் சொன்னது இதுதான்: "அண்ணே, லெட்ஜரைத் திருத்தல. அலமாரிக்கு வெளியே தூக்கிப் போட்ட லெட்ஜரை எடுத்து உள்ளே வச்சிருக்காங்க." அண்ணன் பதில் சொல்லவில்லை, உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

நம் ஊர்க் கிரிக்கெட்டிலும் இது உண்டு. பல்வங்கர் பாலு 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் அவரோடு ஆடியவர்கள் பீங்கான் கோப்பையில் டீ குடிக்க, அவருக்கு மட்டும் வெளியே தனியாக மண் குவளை. அவர் பெயரை முப்பத்து மூன்று வருட வேலையில் நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

அன்று மாலை காஃப்மன் ஸ்டேடியம். மைதானத்துக்குப் பின்னால் நீரூற்றுகள், நீல நிற இருக்கைகள். அந்த நீலத்துக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு இருக்கை. அது பக் ஓ'நீல் நினைவாக வைத்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஊருக்கு நல்லது செய்த ஒருவரை அழைத்து அதில் உட்கார வைக்கிறார்கள். இந்த மனிதரைப் பற்றி ஆசிரியர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1911இல் ஃப்ளோரிடாவில் பிறந்தவர், சிறுவனாக செலரி தோட்டத்தில் வேலை பார்த்தவர். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. வேறு ஊருக்குப் போய்ப் படித்தார். கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் ஆடி, பிறகு அதன் மேலாளரானார். சிகாகோ ஸ்டேடியத்துக்கு வெளியே சிலையாக நிற்கும் எர்னி பேங்க்ஸ் அவரிடம் ஆடியவர். செயின்ட் லூயிஸில் சிலையாக நிற்கும் லூ பிராக்கை முதலில் கண்டெடுத்து ஒப்பந்தம் போட வைத்தவரும் அவரே. நாங்கள் பார்த்த மூன்று ஸ்டேடியத்திலும் இந்த ஒரு மனிதர் இருந்திருக்கிறார். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

2006இல், விடுபட்ட நீக்ரோ லீக் ஆட்களுக்கு மரியாதை செய்ய ஒரு குழு பதினேழு பேரைப் புகழ் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. அதில் அவர் பெயர் இல்லை. அப்போது அவருக்கு 94 வயது. இருந்தும் விழாவுக்குப் போய், உயிரோடு இல்லாத அந்தப் பதினேழு பேருக்காக மேடையேறிப் பேசினார். அக்டோபரில் இறந்துபோனார். அவரைத் தேர்ந்தெடுத்தது 2021இல். அவரைச் சேர்க்காத பள்ளி மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டது. 1995இல், எண்பது வயது தாண்டிய அவரை அழைத்துப் பட்டயம் கொடுத்தது.

என் கருத்து இதுதான். பதிவைச் சரிசெய்வது தாமதமானாலும் செய்துதான் ஆகவேண்டும். ஆனால் 1995இல் அந்தப் பள்ளி செய்ததும் 2021இல் மன்றம் செய்ததும் ஒன்றல்ல. ஒன்றை அவர் கையில் வாங்கினார்.

"பழசைக் கிளறி என்னடி ஆகப்போகுது?" என்று தேனிக்காரி கேட்டாள். அன்று இரவு ஹோட்டலில் அவளிடம் சொன்னதை இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

1993. நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று, பெயர் வேண்டாம். விளையாட்டு ஆசிரியர் கிடையாது, விளையாட்டுப் பதிவேடு என் பொறுப்பு. குறுவட்டப் போட்டிக்கு 400 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டு என் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் காலனியிலிருந்து வந்த ஒரு பெண், செருப்பில்லாமல் ஓடி, மற்றவர்களைவிடக் கால் சுற்று முன்னால் வந்தாள். அன்று சாயங்காலம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். அந்தப் பிள்ளை வேனில் ஏறினால் எங்கள் பிள்ளைகள் ஏறமாட்டார்கள் என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். எனக்கு மேலே யாரும் உத்தரவு போடவில்லை, எழுத்தில் எதுவும் தரவில்லை. நானே பதிவேட்டை எடுத்து அவள் பெயரை இரண்டாவதாகவும், இரண்டாவதாக வந்தவளை முதலாவதாகவும் எழுதினேன். நேரத்தையும் மாற்றினேன்.

மறுநாள் அவள் வந்து கேட்டாள். "டீச்சர், நான் மெதுவாவா ஓடுனேன்?"

"வாட்ச் நின்னுபோச்சும்மா" என்றேன்.

அந்தக் காலம் அப்படி என்று நீங்கள் சொல்வீர்கள். தேனிக்காரியும் அதைத்தான் சொன்னாள். அறுபது வருடம் வாய்பேச்சில் ஓடிய அந்த ஏற்பாட்டையும் அந்தக் காலம் அப்படி என்றுதான் நடத்தியிருப்பார்கள். அந்தப் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. இன்று யாராவது எடுத்துப் பார்த்தால் அவள் தோற்றதாகத்தான் இருக்கும். அதற்குக் கிப்சன் போலப் பழைய பத்திரிகையில் ஆதாரமும் கிடையாது. சாட்சி நான் ஒருத்திதான், எனக்கு 66 வயது.

ஆகஸ்ட் 20 ஊருக்குத் திரும்புகிறேன். அந்தப் பள்ளிக்குப் போய், பழைய பதிவேடு இருந்தால் அதில் தேதியிட்டுத் திருத்தக் குறிப்பு எழுதி என் பெயரில் கையெழுத்துப் போட அனுமதி கேட்பேன். இல்லாவிட்டால் கடிதமாகக் கொடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் அவரைப் பார்க்க வேண்டும். இப்போது 45 வயது இருக்கும். திருமணமாகித் திருப்பூர் பக்கம் போனதாகக் கேள்வி. 1993இல் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். தயவுசெய்து கமெண்டில் பெயர் போடாதீர்கள். நம்பர் தெரிந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். எழுதலாமா கூடாதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், எழுத வேண்டாம் என்றாலும் சரி.

மைதானத்தின் படங்களை நாளை போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்