காகிதத்தில் ஒரு கடைமுறி

நாஞ்சில் நாட்டில் ஒருவர் பணக்காரரா இல்லையா என்று கண்டுபிடிக்க இன்கம்டாக்ஸ் அதிகாரி தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்கா போதும். "அவியளுக்கு வடசேரியில நாலு கடைமுறி உண்டுல்லா!" என்று ஒரே வரியில் பாலன்ஸ் ஷீட்டைப் படித்துவிடுவார். பேங்க் டெபாசிட், மியூச்சுவல் ஃபண்டு இதெல்லாம் அக்கா கணக்கில் சேர்த்தி இல்லை. ஷட்டர் உண்டா? வாடகை உண்டா? அப்படியானால் மனுஷன்.

இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. 1937-ல் திருவிதாங்கூரில் இரண்டு வங்கிகள் ஒன்றாகி 'திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க்' ஆயிற்று. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்று. 1938 ஜூனில் கதவை மூடியது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில்தான். காகிதத்தில் எழுதிய பணம் காணாமல் போகும்; மண் போகாது என்பது நம் தாத்தாக்கள் படித்த பாடம். 1998-ல் அனுபவ் பிளான்டேஷன்ஸ் கவிழ்ந்தபோது தேக்கு மரத்துக்குப் பணம் கட்டிய நம் அப்பாக்கள் அதையே இன்னொரு முறை படித்தார்கள்.

எனவே, வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆன பையனிடம் பத்து லட்சம் சேர்ந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்ததும் மாமா வந்து உட்காருவது இயற்கை.

"லே மக்கா, பேங்குல போட்டா பைசா உருகிப் போகும். முப்பது லெச்சத்துக்கு ஒரு கடைமுறி வருது. இருவது லெச்சம் லோனு போடு. வாடகை லோனை அடைச்சிரும்."

அடைக்குமா? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 9,000 என்றால் வருஷத்துக்கு 1,08,000. ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், 9,000 போச்சு. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, ஷட்டர் ரிப்பேர் என்று இன்னொரு 9,000. மிச்சம் 90,000. முப்பது லட்சத்துக்கு இது 3 சதவீதம். இருபது லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டி முதல் வருஷம் ஏறக்குறைய 1,80,000. அதாவது வாடகையைப் போல இரண்டு மடங்கு! லோனை வாடகை அடைக்காது. பையன்தான் அடைப்பான். அதுவும் வேலை இருக்கிற வரைக்கும்.

இந்த இடத்தில்தான் ஆபீஸ் நண்பர் நுழைகிறார். "சார், கடை எதுக்கு? ரீட் வாங்குங்க!"

ரீட் என்றால் ரியல் எஸ்டேட் இன்வெஸ்ட்மெண்ட் ட்ரஸ்ட். பெரிய ஆபீஸ் கட்டடங்களையும் மால்களையும் ஒரு ட்ரஸ்டின் பேரில் வைத்து, அதன் பங்கைச் சின்னச் சின்ன யூனிட்டாக நறுக்கி பங்குச்சந்தையில் விற்பது. வாடகை வந்தால் யூனிட் வைத்திருப்பவருக்குப் பங்கு. ட்ரஸ்ட் என்றதும் அன்னதானம் போடுகிற அறக்கட்டளை என்று நினைத்துவிட வேண்டாம். சுத்தமான வாடகை வியாபாரம்.

அமெரிக்காவில் 1960-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் செபி 2014-ல் விதி எழுதியது. முதல் ரீட் எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ். 2019 ஏப்ரலில், யூனிட் 300 ரூபாய்க்கு விற்று சந்தைக்கு வந்தது. அடுத்து 2020-ல் மைண்ட்ஸ்பேஸ், 2021-ல் புரூக்ஃபீல்டு, 2023-ல் நெக்ஸஸ் செலக்ட், 2025-ல் நாலெட்ஜ் ரியால்டி. ஆரம்பத்தில் குறைந்தது இரண்டு லட்சம் போட வேண்டும் என்று இருந்தது. 2021-லிருந்து சந்தையில் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். ஒரு தார் மட்டிப்பழம் வாங்குகிற காசுக்கு ஆபீஸ் ஓனர்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் இவர்களுக்கு ஒரு கட்டடமும் கிடையாது. ஆனால் சம்பந்தம் உண்டு. சென்னை வடபழனியில் பழைய விஜயா வாகினி ஸ்டூடியோ இடத்தில் ஒரு மால் நிற்கிறதே, அது நெக்ஸஸ் கையில். போரூர் காமர்ஸோன் மைண்ட்ஸ்பேஸ் கையில். பல்லாவரம் - துரைப்பாக்கம் ரோட்டில் உள்ள ஐ.டி. பார்க்கை 2024-ல் எம்பஸி வாங்கியது. பெங்களூர் மான்யதா டெக் பார்க்கும் அவர்களுடையதே. அங்கே நம்மூர்ப் பையன்கள் எத்தனை பேர் கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள்! அவன் உட்காரும் இடத்துக்கு அவன் கம்பெனி வாடகை தருகிறது. அந்த வாடகையில் ஒரு சல்லி நாகர்கோவிலில் உங்கள் அக்கவுண்ட்டுக்கு வரும். சமாச்சாரம் இவ்வளவுதான்.

சரி, சாவி யார் கையில்? நாஞ்சில் நாட்டுக்காரன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஏனென்றால் பொதுச் சொத்து என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. மருமக்கள் வழிக் குடும்பங்களில் சொத்து எல்லாருக்கும் சொந்தம். நிர்வாகம் மட்டும் காரணவர் கையில். வயல் எவ்வளவு விளைந்தது, எங்கே போனது என்று கேட்டால், "நீ யாருலே கேக்கதுக்கு?" தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதி அந்த நிர்வாகத்தின் மானத்தை வாங்கினார். 1926-ல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு, பாகம் பிரித்துக்கொள்ள வழி செய்தது.

ரீட்டிலும் ஒரு காரணவர் உண்டு. மேனேஜர் என்று பெயர். ஆனால் செபி அவர் கையைக் கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறது. சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து, வாடகை வரும் கட்டடமாக இருக்க வேண்டும். "அஸ்திவாரம் போட்டாச்சு, பணம் குடுங்க" கதை பெரிசாக நடக்காது. பங்கிடக்கூடிய ரொக்கத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது. கடன், சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்புப் போட வெளியாள் வர வேண்டும். தேக்கு மரக் கம்பெனிக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். அங்கே மரத்தை எண்ணிப் பார்க்க ஆளில்லை. இங்கே எத்தனை சதுர அடி காலி என்பதைக்கூட எழுதிக் காட்ட வேண்டும்.

"அப்போ கண்ண மூடிட்டு வாங்கலாமா?" என்றால், கூடாது. திறந்தே இருக்கட்டும். காலம் சரியில்லாதபோது ரீட் என்ன ஆகும் என்பதற்கு நாலு உதாரணம்.

ஒன்று, கொரோனா. 2020 மார்ச்சில் பங்குச்சந்தை விழுந்தபோது எம்பஸியும் சேர்ந்து விழுந்தது. ஆபீஸ் வாடகையில் பெரும்பகுதி வந்துகொண்டுதான் இருந்தது. பெரிய கம்பெனிகள் வருஷக்கணக்கில் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த மாதம் அவசரத்துக்கு விற்றவருக்கு வாடகை வந்த செய்தி ஆறுதல் தந்திருக்காது.

இரண்டு, வட்டி. 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதமாக்கியது. ரீட் பொதுவாக வருஷத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் பங்கிடும். டெபாசிட்டே ஏழு தருகிறபோது இதை எவன் தேடுவான்? யூனிட் விலை சோர்ந்து போகும். வட்டி இறங்கினால் எழுந்து உட்காரும்.

மூன்று, காலி இடம். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 2020 மார்ச்சுக்குப் பிறகு தொடங்கும் யூனிட்டுக்கு வருமான வரிச் சலுகை இல்லை என்றாயிற்று. அந்தக் கட்டடங்களுக்கு ஆள் பிடிப்பது கஷ்டமாயிற்று. 2023 டிசம்பரில் விதியைத் தளர்த்தி, மாடி மாடியாக மண்டலத்திலிருந்து விடுவிக்க அனுமதித்த பிறகுதான் மூச்சு வந்தது. கடை காலியானால் நம் அண்ணாச்சி 'டு லெட்' போர்டு மாட்டுவார். இவர்கள் டெல்லிக்குப் போக வேண்டியிருந்தது.

நாலு, அமெரிக்கா. வீட்டிலிருந்தே வேலை என்று பழகியவர்கள் ஆபீசுக்குத் திரும்பவில்லை. இடத்தை மொத்தமாக எடுத்து சில்லறையாக வாடகைக்கு விட்ட வீவொர்க் 2023 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. பிளாக்ஸ்டோன் அங்கே நடத்தும், சந்தையில் பட்டியலிடாத ஒரு ரீட், 2022 கடைசியில் பணம் கேட்டு வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்தது. நம்மூர் ரீட்டைச் சந்தையில் எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். என்ன விலைக்கு என்பது மட்டும் உங்கள் கையில் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று, இதைப் படிக்கிற ஐ.டி. இளைஞருக்கு. உங்கள் சம்பளம் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வருகிறது. ஆபீஸ் ரீட்டின் வாடகையும் பெரும்பாலும் அதே மாதிரி கம்பெனிகளிடமிருந்தே வருகிறது. ஆளைக் குறைக்கிற வருஷம் இடத்தையும் குறைப்பார்கள். ஒரே குளத்தை நம்பிக் கன்னிப்பூவும் கும்பப்பூவும் நட்டு வைத்தது போல ஆகிவிடும். குளம் வற்றினால் இரண்டும் காயும். அரசு உத்தியோகஸ்தருக்கும் ஸ்கூல் வாத்தியாருக்கும் இந்தக் கவலை குறைவு.

பங்கீடு வந்ததும் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். அதில் வட்டி இருக்கும், டிவிடெண்ட் இருக்கும், 'கடன் திருப்பம்' என்றும் ஒரு பகுதி இருக்கும். அந்தக் கடைசிப் பகுதி லாபமில்லை. உங்கள் முதல்தான் உங்களிடம் திரும்பி வருகிறது. விதைநெல்லை அவித்துச் சாப்பிட்டுவிட்டு விளைச்சல் அமோகம் என்று சொல்லக் கூடாதல்லவா! வட்டிப் பகுதிக்கு உங்கள் ஸ்லாப்படி வரியும் உண்டு.

அப்படியானால் பத்து லட்சத்தை என்ன செய்வது? வேலை போனால் ஆறு மாதம் தாங்குகிற தொகையை முதலில் பேங்கில் போடுங்கள். உருகினால் உருகட்டும். மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் ஒன்றரைப் பங்கு ரீட்டில் வைக்கலாம். ஆபீஸ் ஒன்று, மால் ஒன்று என்று பிரித்து, ஐந்து வருஷம் தொட மாட்டேன் என்ற தீர்மானத்தோடு. 2024-ல் சிறு ரீட் என்று ஒரு வகையும் அனுமதிக்கப்பட்டது. அதற்குக் குறைந்தது 10 லட்சம் வேண்டும். சேமிப்பு முழுவதையும் ஒன்றிரண்டு கட்டடத்தில் வைப்பதும் மாமா சொன்ன கடைமுறியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மாமாவிடம் என்ன சொல்வது என்கிறீர்களா? அவர் கேட்பது வாஸ்தவம்: "ஒன் கட்டடத்த ஒருநா தொட்டுப் பாக்க முடியுமாலே?" பார்க்கலாம். வடபழனிக்கு அழைத்துப் போய், எம்.ஜி.ஆர். நடித்த இடம் என்று சொல்லி மால் சுவரைத் தொட்டுக் காட்டுங்கள். தியேட்டரில் பாப்கார்னும் வாங்கிக் கொடுங்கள். விலையைக் கேட்டதும் ஒன்று புரிந்துவிடும் அவருக்கு: வாடகை நிச்சயமாக வசூலாகிறது!