பேருந்துக்கு எண் வேண்டும்



1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தையும் டச்சு அரண்மனையையும் பார்க்க, கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வெளிநாட்டவர் ஓயாமல் வருகிறார்கள். இங்கிருந்து எர்ணாகுளம் போகும் தனியார் பேருந்துகள் பலவற்றில் ஊர்ப்பெயர் மலையாளத்தில்தான் பெரிதாக இருக்கிறது. ‘தோப்பும்படி, தேவரா’ என்று வழியிலுள்ள ஊர்களை நடத்துநர் கூவினால் நமக்குப் புரியும். ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்ன செய்வார்? ஆட்டோவைத் தேடுகிறார். பேருந்தில் ஏறினால்தானே ஊர் மக்களோடு பழக முடியும்!

சென்னையில் 29சி என்ற எண்ணைப் பார்த்தே, தமிழ் தெரியாதவரும் பெசன்ட் நகர் போய்விடலாம். கொச்சியிலும் தட எண்ணைப் பெரிதாக எழுதக் கேரளப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுச் சேவையில் ஆங்கிலப் பலகைகள் உண்டு. அந்த அக்கறை சாலைக்கும் வரட்டும். தமிழில் மட்டுமே பலகை மாட்டிய நம் தமிழ்நாட்டு வெளியூர்ப் பேருந்துகளுக்கும் இதே கோரிக்கைதான்.

– ஒரு வாசகர், மட்டாஞ்சேரி