காதங்கிக்கு ஒரு பேருந்து

சித்தூர் வழியாகத் திருமலைக்குக் காரில் வருகிறவர்களுக்குக் காதங்கி என்றால் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். தேசிய வளிமண்டல ஆய்வகம் இருப்பதும் அந்த ஊரில்தான். வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக 1024 யாகி ஆண்டெனாக்கள் அங்கே வானைப் பார்த்து நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸில் அவை அனுப்பும் அலையில் மிகச் சிறு பங்கு, மேலே காற்றின் கொந்தளிப்பில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தே, பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசுகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் டாப்ளர் விளைவுதான் இது.

இப்படிப்பட்ட வேலைக்கு வர அறிவியல் படிக்க வேண்டும். இளைஞர்கள் அதைப் படிக்க வருவதில்லை என்று ஐரோப்பிய அரசுகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கவலைப்படுகின்றன. நார்வேயிலிருந்து நடத்தப்பட்ட 'ரோஸ்' ஆய்வு, பல நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் விஞ்ஞானி ஆக விருப்பமா என்று கேட்டது. வசதியான நாடுகளில் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். பெண்பிள்ளைகள் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். வளரும் நாடுகளில் ஆசை மிகுந்திருந்தது.

ஆசைக்கு நம் பக்கத்திலும் குறைவில்லை. அதை நாம் என்ன செய்கிறோம் என்பதே எங்கள் கவலை. பத்தாவது முடித்த பிள்ளையை இண்டர் (பிளஸ் ஒன், பிளஸ் டூ) விடுதியில் சேர்க்கிறோம். கணிதப் பிரிவான எம்.பி.சி. என்றால் ஜே.இ.இ., உயிரியல் பிரிவான பை.பி.சி. என்றால் நீட். விடிந்தது முதல் இரவு வரை வினாத்தாள். செய்முறை வகுப்புக்குப் பல இடங்களில் நேரமே ஒதுக்குவதில்லை. இரண்டு ஆண்டுகள் ஒரு சோதனைக்குழாயைக்கூடத் தொடாத பிள்ளைக்கு வேதியியல் மேல் எப்படிப் பிரியம் வரும்?

திருப்பதியை அடுத்த ஏர்ப்பேடு பக்கம் ஐ.ஐ.டி.யும், அடிப்படை அறிவியல் கற்பிக்கும் ஐசரும் அண்டை வீட்டாராக இருக்கின்றன. இரண்டும் 2015இல் வந்தவை. ஐ.ஐ.டி. என்றதும் மலர்கிற பெற்றோர், ஐசர் என்றால் "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?" என்கிறார்கள். அடிப்படை அறிவியல் படிக்கத் தேர்வாகும் மாணவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் தரும் 'இன்ஸ்பயர்' உதவித்தொகை 2008 முதல் இருக்கிறது. தேவையான உதவிதான். ஆனால் அது பிளஸ் டூ முடித்த பிறகு வருவது. அதற்கு வெகு முன்பே பாதை முடிவாகிவிடுகிறது.

ஆகவே எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். சந்திரகிரி, பாகாலா, புத்தூர், நகரி அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும், 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியின் பிள்ளைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது காதங்கிக்கு அழைத்துப் போக வேண்டும். ஆய்வு மாணவர் ஒருவர், முடிந்தால் ஒரு பெண், தான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று அவர்களோடு அரைமணி நேரம் பேசட்டும். எல்லையோரப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் பேச ஆள் வேண்டும். பேருந்துச் செலவில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பங்கெடுக்கலாம்; 1945இல் திருப்பதியில் எஸ்.வி. கலைக் கல்லூரியைத் தொடங்கியது அதுதானே. வரும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளுக்குள் முதல் பேருந்து கிளம்ப ஏற்பாடு செய்யும்படி ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலக் கல்வித்துறைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.