நாளிதழை கேன்டீனுக்கு அனுப்புங்கள்

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றின் நூலகத்துக்கு நாளிதழ்கள் வரத்தான் செய்கின்றன. தமிழில் இரண்டோ மூன்றோ, ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு. உதவியாளர் காலையில் நூலக முத்திரை குத்தி, சாய்வு மேசையில் விரித்து வைப்பார். கல்லூரிப் பேருந்து ஒன்பதேகாலுக்கு வளாகத்துக்குள் நுழையும். ஒன்பதரைக்கு முதல் வகுப்பு. மதிய இடைவேளை சாப்பாட்டுக்கே போதாது. நாலு மணிக்குள் பேருந்து கிளம்பிவிடும். இடையில் எப்படியோ நேரம் கிடைத்து, பையை வெளியே வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போகிற மாணவருக்கு முதலில் கண்ணில் படுவது ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேப்பரைத் தொடுவதே இல்லை’ என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கால அட்டவணையைக் கொஞ்சம் பார்க்கலாம். நேரத்தைவிடவும் பெரிய தடை அந்தப் பலகைதான் என்பது என் கட்சி. பாடநூலுக்கு அமைதி வேண்டும். நாளிதழுக்கு வேண்டியது பக்கத்தில் ஓர் ஆள்.

நம் ஊரில் நாளிதழ் வாசிப்பு சத்தத்தோடுதான் வளர்ந்தது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் கையில் முதல் தாள் இருக்கும், இன்னொருவர் விளையாட்டுப் பக்கத்தை உருவிக்கொண்டிருப்பார், மூன்றாமவர் படிக்காமலேயே தீர்ப்புச் சொல்வார். திராவிட இயக்கத்தின் படிப்பகங்களில் எழுத்தறியாதவர்களும் நாளிதழ் ‘படித்தார்கள்’. ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள். 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் எளிய தமிழைக் கையில் எடுத்தது இத்தகைய வாசகர்களுக்காகத்தான்.

மாணவர்களுக்கும் இதில் பழைய பாத்தியதை உண்டு. 1878-இல் இந்தியரான முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கி எழுதின. அதைப் படித்துக் கொதித்த ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி, 80 படிகள் அச்சிட்டு வெளியிட்டதுதான் ‘தி ஹிந்து’. அவர்களில் நால்வர் சட்ட மாணவர்கள்; ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. அவரவர் வீட்டில் தனியாகப் படித்திருந்தால் அந்தக் கோபம் இரண்டு நாளில் ஆறிப்போயிருக்கும்.

இன்று கல்லூரிகள் மாணவர்களை நாளிதழ் படிக்கச் சொல்வது பெரும்பாலும் போட்டித் தேர்வுக்காக. ‘குரூப் தேர்வில் நடப்பு நிகழ்வுகள் கேட்பார்கள், பேப்பர் படி.’ மாணவர்கள் விவரமானவர்கள். தேர்வுக்குத்தான் என்றால், மாதக் கடைசியில் டெலிகிராமில் வரும் தொகுப்பே போதும், நாளிதழ் எதற்கு என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி. மனப்பாடத்துக்கு நாளிதழ் மிக மோசமான கருவி.

அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது, சில சமயம் செய்தியே அல்லாத இடத்தில். பி.காம். மாணவர் வங்கிச் சட்டத் தாளில் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தைப் படிக்கிறார். கடன் நிலுவைக்காக வங்கி ஓர் அசையாச் சொத்தைக் கைவசப்படுத்தினால் இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அறிவிப்பு உள்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது: கடன்தாரர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், நிலுவைத் தொகை, சர்வே எண், நான்கெல்லை. தாளை மேசையில் விரித்து, ‘கடன் வாங்காத ஆளின் பெயர் இதில் ஏன் வந்தது?’ என்று ஆசிரியர் கேட்கட்டும். உறவுக்காரருக்கு ஜாமீன் போட்ட அப்பாக்கள் அந்த வகுப்பில் எத்தனையோ பேருக்கு இருப்பார்கள். பேச்சு தானாக வரும். கட்டடப் பொறியியல் மாணவருக்கு நகராட்சியின் மழைநீர் வடிகால் ஒப்பந்தப்புள்ளி, வேளாண் மாணவருக்கு ஈரோட்டு மஞ்சள் விலை, வரலாற்று மாணவருக்கு மாவட்டப் பக்கத்தில் நாலு வரியில் முடிந்துபோகும் நடுகல் செய்தி. பாடத்திட்டத்தில் இருப்பது ஊருக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட மலிவான சான்று கிடைக்காது.

கைப்பேசியில் எல்லாம் வருகிறதே என்பார்கள். வருகிறது, ஆளுக்கு ஒன்றாக வருகிறது. நேற்று எதைத் தொட்டோமோ அதன் தம்பியைத்தான் இன்று காட்டுகிறது. ஒரே பெஞ்சில் இருக்கும் நாலு பேரின் திரையில் நாலு உலகம். ‘அதைப் பார்த்தாயா?’ என்று கேட்டால் மற்ற மூவரும் பார்த்திருக்க மாட்டார்கள். வாதம் தொடங்குவதற்கு முன், எல்லார் கண்ணிலும் பட்ட ஒரே பக்கம் வேண்டும்.

நாளிதழின் நடுப்பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது, கடைக்காரர் தன் சரக்கைத் தானே மெச்சுவதுபோலத்தான். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எந்த நாளிதழும் தனியாக நம்பத் தக்கதல்ல. ஒவ்வொன்றுக்கும் சாய்வு உண்டு, விளம்பரதாரர் உண்டு. ஒரே நாளிதழை மொத்தமாக வாங்கி வகுப்புக்கு வகுப்பு போடும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டை அருகருகே வைக்க வேண்டும். ஒரே போராட்டத்துக்கு இரண்டும் வைத்த தலைப்புகளை ஒப்பிட்டு வாரம் ஒரு மணி நேரம் சண்டை போட்டால், இதழியல் துறையே இல்லாத கல்லூரியிலும் இதழியல் நடக்கும்.

வைக்க வேண்டிய இடம் கேன்டீன், விடுதி மெஸ், பேருந்துக்குக் காத்திருக்கும் மரத்தடி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கிய வாசிப்புத் திட்டத்தில் நாளிதழ்களை மாணவர் விடுதிகளுக்கே கொண்டுபோனது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் இருக்கும் இடத்துக்கு வாசிப்பு போக வேண்டும் என்பது காவிரிப் படுகையில் ஏற்கெனவே செய்து பார்த்த வேலை.

செலவு ஒரு பொருட்டே இல்லை. தமிழ் நாளிதழ் ஒன்றின் விலை டீ விலையைத் தாண்டாது. சிறப்பு விருந்தினருக்கு வைக்கும் ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் குறைத்தால் பல மாதச் சந்தா தேறும்.

உண்மையான முட்டுக்கட்டை கணக்குப் பதிவேடு. வெளியே வைத்தால் தாள் கிழியும், குறுக்கெழுத்துப் பக்கம் காணாமல் போகும், பழைய பேப்பரை எடைக்குப் போடும்போது கணக்கு இடிக்கும், தணிக்கையில் கேள்வி வரும் என்று நூலகர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். கேன்டீனுக்குப் போகும் நாளிதழ்களைத் திரும்பி வராத செலவாகவே எழுதிக்கொள்ளலாம் என்று கல்லூரி முதல்வர் ஒரு சுற்றறிக்கை போட்டால் அந்தப் பயம் தீர்ந்துவிடும். ஜூனில் கல்லூரி திறக்கும் முன்பே அதில் கையெழுத்துப் போட்டுவிட முடியும்.