பெற்றவளுக்கு மட்டும் வரம்பா?

ஆண்டுக்கு 96,000 ரூபாய். நகரில் வாழும் கணவனை இழந்த பெண் இதற்கு மேல் சம்பாதித்தால், மத்திய அரசின் மிஷன் வத்சல்யா நிதி ஆதரவுத் திட்டத்தில் அவர் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடையாது. கிராமத்தில் வரம்பு 72,000தான். 2022இல் இதை வகுத்தவர்கள் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒருநாள் நின்று பார்த்திருக்கலாம்.

நாள் கூலி 310 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 8,060 ரூபாய். நகர வரம்பு மாதத்துக்கு 8,000; அதைவிட 60 ரூபாய் கூடுதல், விண்ணப்பம் தள்ளுபடி. மாதம் ஒருநாள் லீவு போட்டால் ஏழை, ஒழுங்காக வேலைக்குப் போனால் வசதிக்காரி! வாடகை, பஸ், பிள்ளையின் காய்ச்சல் இதெல்லாம் வருமானச் சான்றிதழில் ஏறுவதில்லை.

வளர்க்க முடியாமல் அவர் பிள்ளையை ஒப்படைத்துவிட்டால் கதை மாறுகிறது. குழந்தை நலக் குழு அதை வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் விடலாம். அந்தக் குடும்பத்துக்கும் அதே 4,000 ரூபாய்தான். ஆனால் அவர்களுக்குப் போதிய வருமானம் இருக்க வேண்டுமாம்! அந்நியருக்குத் தகுதியாகிற வருமானம் பெற்றவளுக்குக் குற்றமாகிறது. குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தாலும் அரசுப் பணம்தான் செலவாகிறது. நிறுவனப் பராமரிப்பு கடைசி வழி என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. இந்த வரம்போ அதை முதல் வழியாக்கிவிடுகிறது.

இங்கே புதுச்சேரியை ஆள்பவர்களிடம்தான் வேறென்ன எதிர்பார்ப்பது? ரேஷனில் அரிசியா, பணமா என்று ஆண்டுக்கணக்கில் கோப்புகளை வைத்துச் சண்டை போட்டார்கள். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். கடைசியில் 2024இல் அதே கடைகளைத் திறந்து விழா எடுத்தார்கள். பூட்டியது யார் என்று மேடையில் ஒருவரும் கேட்கவில்லை. ஏ.எஃப்.டி. பஞ்சாலையை 2020இல் மூடினார்கள். வேலை போன வீடுகளின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எந்த அலுவலகமாவது போய்ப் பார்த்ததா? அதே 2020இல்தான் வில்லியனூர் பக்கம் கீழ்சாத்தமங்கலம் வாத்துப் பண்ணையிலிருந்து இருளர் சிறுமிகள் மீட்கப்பட்டார்கள். கொத்தடிமைகளாக அங்கே போய்ச் சேரும்வரை அந்தச் சிறுமிகள் எவர் கண்ணிலும் படவில்லை. நடந்து முடிந்தபின் ஓடிவருவதற்குப் பெயர் குழந்தைப் பாதுகாப்பு!

டெல்லி வகுத்த விதி என்று இங்கே கையை விரிக்க வேண்டாம். வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்லியை நெருக்குங்கள், அல்லது புதுச்சேரியின் சொந்த நிதியிலிருந்து ஈடுகட்டுங்கள். எந்த வழி என்பது உங்கள் பாடு. 60 ரூபாய்க்காகத் தாயையும் பிள்ளையையும் பிரிக்கிற இந்தக் கணக்கை மட்டும் இனியும் பொறுக்க முடியாது.